பேட்டரி ஐந்து மணி நேரம் தாங்கும்

கிள்ளான்,
12 அக்டோபர் 2025

அன்புத் தம்பி ரிஷிக்கு,

அக்கா சந்திரகலா எழுதுவது. நான் சுகமாக இருக்கிறேன். அப்பா உயிரோடு இருக்கிறார். பெர்த்தில் நீயும் பிள்ளைகளும் சந்தோஷமாக இருப்பதை பேஸ்புக்கில் பார்த்துக்கொள்கிறேன். வாய்ஸ் மெசேஜ் அனுப்பினால் பாதியில் நிறுத்திவிடுகிறாய். கடிதத்தையாவது முழுசாகப் படிப்பாய் என்று எழுதுகிறேன்.

நீ அனுப்பிய இரண்டாவது பம்பைப் பொருத்தியாகிவிட்டது. காப்பாரிலிருந்து யுகேந்திரன் என்று ஒருவர் மோட்டார்சைக்கிளில் வந்தார். கீழ் ரூம் ரோட்டை விடப் பதினோரு படி தாழ்வு, அடைமழையும் கடல் ஏற்றமும் சேர்ந்துவிட்டால் தரைக்கடியிலிருந்தே தண்ணீர் ஊறும் என்று சொன்னேன். தலையில் கை வைத்துக்கொண்டார். மூலைக் குழியில் பழைய பம்புக்குக் கொஞ்சம் மேலே புதுசை மாட்டி, அதன் பேட்டரியை உயரமாக ஒரு பலகையில் வைத்தார். கரண்ட் போனால் பழையது நின்றுவிடும். தண்ணீர் ஏறி மிதவையைத் தூக்கியதும் புதுசு தானாக ஓடும். மாதம் ஒரு தடவை பழைய பம்பின் பிளக்கைப் பிடுங்கி, குழியில் தண்ணீர் விட்டுச் சோதிக்க வேண்டுமாம். "சும்மாவே விட்டீங்கன்னா, தேவைப்படுற நேரத்துல கழுத்தறுத்துரும்லா அக்கா" என்றார்.

போகும்போது அதே கீழ் ரூமில் கட்டிலில் கிடந்த அப்பாவைப் பார்த்துவிட்டு, மேலே ரூம் இல்லையா என்று கேட்டார். பக்கவாதம் வந்தவர், படி ஏற முடியாது என்றேன். இன்னொரு ஆள் இருந்தால் இப்பவே தூக்கிக்கொண்டு போய்விடலாமே என்றார். நான் வந்தவருக்குக் குடிக்க மைலோ கலக்கப் போய்விட்டேன்.

மேலே மூன்று ரூம் காலியாகக் கிடக்கிறது, தம்பி. நீ கேட்க மாட்டாய், அதனால் நானே சொல்கிறேன். அப்பா விழுந்து ஒரு வருஷம் ஆகிறது. அவரை மேலே கொண்டுபோ என்று ஒரு வார்த்தை சொல்ல உனக்கு வாய் வரவில்லை. பம்பு அனுப்பினாய்.

மாதம் ஒரு தடவை போதும் என்றார் அந்த மனிதர். நான் வெள்ளிக்கிழமைதோறும் செய்கிறேன். சாயங்காலம் விளக்கேற்றிவிட்டுக் கீழே போவேன். இரண்டு பம்பையும் நிறுத்திவிட்டு, தண்ணீர் பைப்பைக் குழியில் போடுவேன். குழி நிறைந்து தண்ணீர் தரைக்கு வரும். கட்டில் கால் நனைந்த பிறகுதான் புதுசைப் போடுவேன். நன்றாகவே இழுக்கிறது. அப்பாவுக்குப் பேச்சு போய்விட்டது, இடது கை ஒன்றுதான் அசைகிறது. அதனால் கட்டில் கம்பியைத் தட்டிக்கொண்டே இருக்கிறார். போன வாரம் அழுதார். குனிந்து அவர் காதில், "கொஞ்சம் தண்ணி பட்டாத்தான் திமிர் அடங்கும்" என்றேன். முன்பு என்னைப் பார்த்து அவர் சொன்ன வார்த்தைதானே. அவரும் மறக்கவில்லை, முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது.

நீயும் மறந்திருக்க மாட்டாய். எனக்கு அப்போது பத்தொன்பது, உனக்குப் பதினைந்து. பிரவினைத்தான் கட்டிக்கொள்வேன் என்று சொன்னதற்காக அப்பா என்னை அதே ரூமில் போட்டுப் பூட்டினார். ஆறாம் நாள் பேய்மழை. அன்றைக்குக் குழியும் இல்லை, பம்பும் இல்லை. முழங்கால் தண்ணீரில் நின்றுகொண்டு கதவைத் தட்டினேன். அப்பா வேலைக்குப் போயிருந்தார். சாவி சாமி மேடை ஆணியில் தொங்கியது. நீ படியிறங்கி வந்தாய். உன் ஜப்பான் சிலிப்பர் சத்தம் எனக்குத் தெரியாதா? "அக்கா, தண்ணி எதுவரைக்கும் வந்திருக்கு?" என்று வெளியிலிருந்து கேட்டாய். முழங்கால் வரைக்கும் என்றேன். மேலே போய் டிவி போட்டுக்கொண்டாய். பாட்டுச் சத்தம் எனக்குக் கீழே கேட்டது.

அப்பாவை நான் மன்னிக்கப்போவதில்லை. அது முடிந்துபோன கதை. உன் கணக்குத்தான் எனக்கு இன்னும் முடியவில்லை.

யுகேந்திரன் சொன்ன இன்னொரு விஷயத்தையும் உன்னிடம் மறைக்கக் கூடாது. பேட்டரி முழுசாகச் சார்ஜ் ஏறியிருந்தால் ஐந்து மணி நேரம் ஓடுமாம். 2021 வெள்ளத்தில் நம் தாமான் குடியிருப்பு முழுக்க இரண்டு நாள் கரண்ட் இல்லை. பெர்த்திலிருந்து விமானம் ஐந்தரை மணி நேரம்.

நவம்பரில் மழை பிடித்துக்கொள்ளும். கதவில் அதே பழைய பூட்டுதான். அழுத்தினால் பூட்டிக்கொள்ளும், திறக்கத்தான் சாவி வேண்டும். இப்போதைக்குக் கதவு திறந்துதான் இருக்கிறது. சாவி ஒன்றே ஒன்று. அதை இந்தக் கடிதத்தின் அடியில் டேப் போட்டு ஒட்டியிருக்கிறேன். இந்தத் தடவை அது ஆணியில் இல்லை, உன் கையில் இருக்கிறது.

உன் வீட்டுக்குள் ஒரு சொட்டுத் தண்ணீர் ஏறாமல் முருகன் காப்பாற்றட்டும். பிள்ளைகளுக்கு அத்தையின் முத்தம். சீக்கிரம் வா, தம்பி. வந்து கதவுக்கு வெளியே நின்று அப்பாவிடம் கேள், தண்ணீர் எதுவரைக்கும் வந்திருக்கிறது என்று.

உன் அக்கா,
சந்திரகலா