கையில் ஐந்து, வாயில் ஒன்றுமில்லை

2003 ஆகஸ்ட் 4, திங்கள்

பேத்தி காவ்யாவுக்கு இன்றோடு பதினான்கு மாதம். வாயில் இன்னும் ஒரு சொல்லும் வரவில்லை, கையில் ஐந்து. ஆதாரம் (நிருபர் பழக்கம் விடவில்லை), அவள் அம்மா பானுப்ரியா, என் மகள். நான்கை நானே பார்த்தேன். விரல்களை மூடித் திறந்தால் ‘பால்’. கையை விரித்து ஆட்டினால் ‘போதும்’. பானு வேலை செய்யும் விசைத்தறி ஷெட்டில் யார் கத்தினாலும் கேட்காது. அங்கே எல்லோருக்கும் கைதான் பேச்சு. குழந்தைக்கு ஒன்பது மாதமானபோது பானு அவளிடமும் அப்படியே ஆரம்பித்தாள். இரண்டு விரலைச் சேர்த்துப் பிரித்தால், ஷெட்டில் ‘இழை அறுந்துவிட்டது’ என்று அர்த்தம். காவ்யா பால் தீர்ந்தாலும் அதையே காட்டுகிறாள்.

ஆகஸ்ட் 8, வெள்ளி

வேலூரில் பரிசோதித்தார்கள். காதில் குறையில்லை. பிறகு ஏன் பேசவில்லை?

ஆகஸ்ட் 10, ஞாயிறு

மகள் வீட்டுக்குப் போனேன். சம்பந்தியம்மா பூங்காவனம் பிடித்துக்கொண்டார்.

“கையாலயே பேசிகினு இருந்தா வாய் எப்டி சம்பந்தி தொறக்கும்? நாளைக்கு ஊமைன்னு பேர் வெச்சிடுவாங்க.”

மருமகன் சந்திரமோகன்: “நீங்க சொல்லுங்க மாமா. பேப்பர்காரரு சொன்னாத்தான் அவ கேப்பா.”

சொன்னேன். ஒரு மாதம் நிறுத்திப் பார் என்று. காவ்யாவின் வயதில் பானு என்னை ‘நைனா’ என்று கூப்பிட்டுவிட்டாள். இவள் பேசாமலே போய்விடுவாளோ என்ற பயம்தான் என்னைப் பேசவைத்தது என்று நினைக்கிறேன்.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

காவ்யா மூன்று முறை விரல்களை மூடித் திறந்தாள். பானு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பூங்காவனம் அந்தச் சின்னக் கையைத் தன் கைக்குள் பிடித்துவைத்து, “வாயால கேளு கண்ணு. பா... பால்” என்றார். குழந்தை அலறியது. நான் காபி குடித்துக்கொண்டிருந்தேன்.

ஆகஸ்ட் 28, வியாழன்

இப்போது அழுகைகூட இல்லை. டம்ளரைப் பார்க்கிறாள், கை மடியிலேயே கிடக்கிறது. என்னவோ பண்ணிட்டோம் — பண்ணிட்டோம் என்ன, நான்தான் பண்ணேன்.

செப்டம்பர் 3, புதன்

பானு கேட்டாள்: “இத யாரு நைனா மொதல்ல சொன்னது? ஊருக்கெல்லாம் ஆதாரம் கேப்பியே, இதுக்குக் கேட்டியா?”

கேட்கவில்லை.

செப்டம்பர் 5, வெள்ளி

பூங்காவனத்துக்குச் சொன்னது, அவர்கள் வீட்டில் நூல் சுற்ற வரும் சின்னபொண்ணு. சின்னபொண்ணுக்குச் சொன்னது மருந்துக்கடை மாணிக்கவேல். கடைக்குப் போய்க் கேட்டேன்.

“இன்னா சார் இப்டிக் கேக்கறீங்க? பேப்பர்லயே வந்துதே!”

கல்லாவின் கண்ணாடிக்கு அடியில் மஞ்சளாகிப்போன ஒரு துண்டு. ‘சைகையில் பேசினால் குழந்தைக்குப் பேச்சு தாமதமாகும்: கூட்டத்தில் எச்சரிக்கை. ஆரணி, மார்ச் 12. நமது நிருபர்.’ வருடம் 1996. அப்போது ஆரணியில் நமது நிருபர் நான் ஒருவன்தான்.

செப்டம்பர் 6, சனி

பழைய குறிப்பேட்டைத் தேடி எடுத்தேன். மகளிர் கூட்டம், நான் போய்ச் சேர்ந்தபோது பாதி முடிந்திருந்தது. என் கையெழுத்தில்: ‘சைகை — பேச்சு தாமதமா? கேட்க வேண்டும்.’ கேட்கவில்லை. நாலரை மணி வேலூர் பஸ்ஸில் செய்திக் கவரைக் கொடுத்தாக வேண்டியிருந்தது. கேள்விக்குறியை எடுத்துவிட்டு அனுப்பிவிட்டேன்.

செப்டம்பர் 7, ஞாயிறு

எல்லோரையும் உட்காரவைத்துச் சொன்னேன். பூங்காவனம் கேட்டார்:

“அப்ப பேப்பர்ல வர்றதெல்லாம் பொய்யா சம்பந்தி?”

“எல்லாம் இல்லைங்க. இது.”

“ஒங்க எழுத்துக்காவ எம் பேத்தி கைய நானே புடிச்சி வெச்சிருந்தனே! இத நான் எங்க போயி சொல்றது?”

பானு குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஷெட்டுக்குப் போய்விட்டாள். என்னைத் திட்டியிருக்கலாம்.

செப்டம்பர் 9, செவ்வாய்

திருத்தம் போடச் சொல்லி அலுவலகத்துக்குப் போன் செய்தேன். “ஏழு வருஷத்துக்கு முந்தின செய்தி சார், யாருக்கு ஞாபகம் இருக்கப்போவுது?” மாணிக்கவேலுக்கு இருந்தது. அவரிடம் போய்ச் சொல்லி, துண்டை எடுக்கவைத்தேன். அதைப் படித்துவிட்டுப் போனவர்களை எப்படித் தேடுவது?

செப்டம்பர் 18, வியாழன்

பானு மறுபடி நாள் முழுக்கச் சைகை காட்டுகிறாள். காவ்யா பார்க்கிறாள். அவ்வளவுதான்.

செப்டம்பர் 24, புதன்

எழுத ஒன்றுமில்லை.

செப்டம்பர் 30, செவ்வாய்

காலை ஏழரைக்குப் போன். பூங்காவனம்.

“சம்பந்தி, எழுதிக்குங்க. இட்லி ஊட்டிகினு இருந்தேன். என்னைப் பாத்து விரலக் குவிச்சி உள்ளங்கையில ரெண்டு தட்டு தட்னா. இன்னொரு வாய் வேணுமாம். ஜல்தியா குடுத்துட்டேன்.”

“பானு பார்த்தாளா?”

“அவ ஷெட்ல இருந்தா. ஏன், நான் ஒருத்தி பாத்தா பத்தாதா?”

போதும்.

சொல் இன்னும் வரவில்லை. பதினெட்டு மாதம் வரை பொறுக்கச் சொல்லியிருக்கிறார் வேலூர் டாக்டர். அது டிசம்பர் 4.