கடலுக்கு உப்பு கொண்டுபோன தம்பிக்கு

கடலுக்கே உப்பு கட்டிக்கொண்டு போன என் மக்குத் தம்பி சேவியருக்கு,

சூரியநெல்லியில் விடாத மழை. தேயிலைக்குள் காலை வைத்தால் அட்டை ஏறுகிறது. அட்டையை விரட்ட இடுப்பில் கட்டிய உப்புப் பொட்டலத்தைத் தொடும்போதெல்லாம் உன் நினைப்புதான். மீன்பிடிப் படகில் சமையல் வேலை கிடைத்து நீ கிளம்பிய அன்று, எஸ்டேட் பழக்கத்தில் அந்தப் பொட்டலத்தையும் கட்டிக்கொண்டாயே! "ஏலே, கடல்ல அட்டையா கடிக்கப் போவுது?" என்று கேட்டேன். "மீன் கொழம்புக்கு ஆவும்க்கா" என்றாய். லயத்து வீடுகள் மொத்தமும் சிரித்தன.

படகு புயலில் கவிழ்ந்தது. சில நாள் தேடினார்கள். பிறகு, கடல் சரியில்லை என்று நிறுத்திவிட்டார்கள். அதற்கப்புறம் கடல் எத்தனையோ நாள் சரியாகத்தானே இருந்தது, தம்பி?

போன கல்லறைத் திருநாளன்று ஆளாளுக்கு அவரவர் வீட்டுக் கல்லறையில் மெழுகுவர்த்தி கொளுத்தினார்கள். உன் மகள் சோபியா ஒரு மெழுகுவர்த்தியைக் கையில் வைத்துக்கொண்டு எங்கே நடுவது என்று தெரியாமல் நின்றாள். உனக்கும் ஓர் இடம் கேட்டேன். "உடம்பு இல்லாம குழி எதுக்கும்மா?" என்றார் சர்ச்சைப் பார்த்துக்கொள்கிற கோயில்பிள்ளை. என் வாய் உனக்குத் தெரியுமே. அன்றைக்கு அதுவும் அடைத்துப்போனது.

இப்போது சோபியா நாலாம் வகுப்பு. கடற்கரைப் பக்கம் ஒரு மியூசியத்துக்குப் பள்ளியில் கூட்டிப்போனார்கள். துணைக்கு நானும் போனேன். தாத்தனுக்குத் தாத்தன் காலத்தில் மூழ்கிய கப்பலாம். எங்கிருந்தெல்லாமோ ஆள் வந்து, முங்கி முங்கித் தேடி, உடைந்த தட்டும் ஒற்றைச் செருப்பும் எடுத்திருக்கிறார்கள். செருப்புக்குக் கண்ணாடிப் பெட்டி. அதற்கு மேலே விளக்கு வேறு!

குனிந்து பார்த்தேன். "தொடல்லே, சேச்சி!" என்று காவலுக்கு நின்ற மலையாளத்துப் பெண் ஓடிவந்தாள். "பயப்படாத தாயி, என் காலுக்குச் சேராது" என்றேன். பிள்ளைகள் எல்லாம் சிரித்தார்கள். சோபியா மட்டும், "இது யாரு செருப்பு?" என்று கேட்டாள். யாருக்கும் தெரியாதாம். பேர் தெரியாதவன் செருப்பை இத்தனை காலம் கழித்துத் தேடியிருக்கிறார்கள். உன் பேரும் ஊரும் போட்டோவும் கொடுத்தோமே, அதையெல்லாம் வாங்கி எங்கே வைத்தார்கள்?

வீட்டில் செய்து பார்க்க ஒரு விளையாட்டும் சொல்லிக் கொடுத்தார்கள். பேசினில் மணல் போட்டு, தண்ணீர் ஊற்றி, பொம்மைக் கப்பலை மூழ்கடிக்க வேண்டும். கண்ணை மூடிக்கொண்டு, கப்பலில் இருந்த சாமான்களைத் துழாவி எடுக்க வேண்டும். சோபியா சோப்பு டப்பாவைக் கப்பலாக்கினாள். பொத்தான், ஊக்கு, கூடவே களிமண்ணில் ஒரு ஆள். கையில் கரண்டி வைத்த ஆள்.

பொத்தான் கிடைத்தது. ஊக்கு கிடைத்தது. ஆள் கிடைக்கவில்லை. தண்ணீர் கலங்கிப்போய்விட்டது.

"கரைஞ்சிருப்பான்டி. விடு, கை வெறைச்சிரும்" என்றேன்.

"நாமளும் நிறுத்திட்டா எப்படி அத்தை?"

கண்ணைத் திறக்காமலே கேட்டாள், சேவியர். நானும் பேசினுக்குள் கையை விட்டேன். வேறென்ன செய்ய?

இந்தக் கல்லறைத் திருநாளுக்கு முன்னால் அப்பா கல்லறைக்குப் பக்கத்தில் நானே மண்வெட்டி எடுக்கிறேன். என் இடுப்பிலிருக்கிற உப்புப் பொட்டலத்தைப் புதைக்கிறேன். உன் பொட்டலத் துணியும் இதுவும் அம்மாவின் ஒரே சேலையில் கிழித்தவைதானே. கோயில்பிள்ளை கேட்டால், ஒற்றைச் செருப்புக்கு விளக்கு வைத்த கதையைச் சொல்கிறேன். அப்புறமும் தடுத்தால் என் வாய் திறக்கும். சோபியா தன் மெழுகுவர்த்தியை நடுவாள். இது சத்தியம்.

உப்பை அங்கேயே வைத்துக்கொள். கல்லறைத் தோட்டத்திலும் அட்டை உண்டு.

இன்னும் கையை வெளியே எடுக்காத
உன் வாயாடி அக்கா,
ரோசம்மாள்