நாற்பத்தெட்டுக் குதிரை வலு

இன்று காலை தோட்டம் முழுக்க மண்ணெண்ணெய்ப் புகை மணத்தது. இரண்டு சில்லு உழவு மெசின் ஒன்றை வாடகைக்குப் பிடித்திருக்கிறேன். பிடிக்க முன்னர் அதன் எடையைக் கேட்டேன். என்னைக் கட்டிய நீங்கள் உயிரோடு இருந்த காலத்தில் ஒருநாளும் கேட்காத கேள்வி அது.

நாங்கள் மெசின் பார்க்க அச்சுவேலிக்குப் போன அன்று நீங்கள் கேட்டதெல்லாம் குதிரை வலுதான். நாற்பத்தெட்டு என்று விற்கிறவர் சொன்னதும் உங்கள் முகத்தில் மாப்பிள்ளைக் களை வந்துவிட்டது. எங்கள் தோட்டமோ எட்டுப் பரப்பு, வெறும் அரை ஏக்கர். பரப்புக்கு ஆறு குதிரை. வெங்காயப் பாத்தி போடுவதற்கு!

"சின்னனா ஒண்டு பாருங்கோ. ரெண்டு பேர் தூக்கித் திருப்பக்கூடியதா இருந்தாக் காணும். எங்கடை மண் உந்தப் பாரம் தாங்காது" என்றேன்.

"உந்தச் சின்னனிலை நான் போனால் பாக்கிறவன் சிரிப்பான்" என்றீர்கள்.

சிரிக்கத்தான் செய்தார்கள். நீங்கள் வாங்கிய நாலு சில்லு மெசின் எங்கள் ஒழுங்கைப் பாதைக்குள் நுழையவில்லை. பக்கத்து வளவுக்காரர் வேலிக் கதியாலை அரைச் சாண் தள்ளி நட்டார் என்று பதினொரு வருடம் அவரோடு கதைக்காமல் இருந்த மனுசன் நீங்கள். அந்த மெசினுக்கு வழி விட, ஒரே பின்னேரத்தில் எங்கள் வேலியை முழு நீளத்துக்கும் மூன்றடி உள்ளே இழுத்தீர்கள். அவர் தன் படலை வாசலில் நின்று பார்த்தார். எனக்குக் குனிந்த தலை நிமிரவில்லை.

அதோடு விட்டீர்களா? மழை விட்ட மறுநாளே, மண் காயும் வரை பொறுக்காமல், தோட்டத்தில் இறக்கினீர்கள். பின் சில்லுகள் போன இடமெல்லாம் செம்மண் சீமெந்துத் தரையாக இறுகியது. எங்களுக்குச் சோறு போட்டது அந்த வெங்காயம் ஒன்றுதான். அந்தப் போகம் பிடுங்கிப் பார்த்தால், கிழங்கு சுண்டுவிரல் நுனியளவு. "விதை பிழை" என்றீர்கள். விதையின் மேல் பழியைப் போட்டுவிட்டு மூன்று நாள் சாப்பிடாமல் கிடந்தீர்கள். நான் ஏசி ஏசித்தான் உங்களுக்குச் சோறு தீத்தினேன். பிறகு ஊருக்கு டீசல் வராமல் போனது; மெசின் ஓடாமல் நின்றது. நீங்கள் ஏறி இருந்த அந்தப் பெரிய சீற்றில் கோழி முட்டையிட்டது. அது ஒன்றுதான் அந்த மெசினால் நான் கண்ட பலன்.

இன்று அந்த இறுகிய தடத்துக்கு வந்ததும் சின்ன மெசின் துள்ளியது. கத்தி மண்ணில் இறங்கவில்லை. ஓட்ட வந்தவர் இயந்திரத்தை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

"அக்கா, உதுக்குள்ளை பெரிய மெசினை இறக்கின விசரன் ஆர்?"

எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது.

"நீர் மற்றப் பக்கத்தை உழும். அவரைப் பற்றிக் கதைக்க நான் இருக்கிறன்" என்றேன்.

அவர் அந்தப் பக்கம் போனதும் மண்வெட்டியை எடுத்து, உங்கள் சில்லுத் தடத்தை நானே கொத்தத் தொடங்கினேன். மத்தியானம் வரை உங்களை ஏசிக்கொண்டே கொத்தினேன். இன்னும் பாதி கிடக்கிறது. நாளைக்கும் நான்தான் கொத்துவேன். வேறு ஆளை விடமாட்டேன்.