அம்மாவின் வாய், என் கை, உன் மாத்திரை

அன்பு மகளுக்கு, அம்மா சொல்லச் சொல்ல உன் தம்பி எழுதுவது.

ஆழ்ந்த வருத்தத்துடன் அறிவிப்பது என்னவென்றால், இரவு பகல் பாராமல் சொட்டி வந்த நம் குளியலறைக் குழாய் நேற்று மாலை தன் கடைசிச் சொட்டை விட்டது. கழுத்தைத் திருகியது அம்மா, அதில் அவள் வலது மணிக்கட்டு சுளுக்கிக்கொண்டது, மற்றபடி எல்லோரும் சுகம், நீயும் அத்தானும் சுகமாக இருக்க வேண்டும். ஆகவே இதில் வாய் அம்மாவுடையது, கை என்னுடையது, வாலும் என்னுடையது.

முதலில், "விசேஷம் உண்டான்னு நான் கேக்கல, அதைக் கேக்க ஊர்ல ஆயிரம் வாய் இருக்கு" என்று எழுதச் சொல்கிறாள். கேட்கவில்லையாம், நம்பு. ஆனால் போன வாரம் போனில் நீ, குழந்தை பெற்றுக்கொள்ளலாம் என்றிருக்கிறோம், ஃபோலிக் அமில மாத்திரையெல்லாம் உண்டானதும் போட்டுக்கொள்கிறேன் என்றாயே, அதிலிருந்து அம்மாவுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. குழந்தையின் மூளைக்கும் முதுகெலும்புக்கும் முதல் நாலு வாரத்துக்குள் அஸ்திவாரம் போட்டாகிவிடுமாம், நாள் தள்ளிப்போயிருக்கிறதே என்று நீ காலண்டரைப் பார்ப்பதற்குள் கொத்தனார் கை கழுவிக்கொண்டு போயிருப்பார். அதனால் ஒரு மாதமாவது முன்கூட்டியே தொடங்கி, தினமும் ஒன்று, உண்டான பிறகும் மூன்று மாதம். எந்த அளவு என்று அங்கே டாக்டரிடம் கேட்டுக்கொள். கீரை சாப்பிடுகிறேனே என்று மழுப்பாதே, கீரையும் வேண்டும், மாத்திரையும் வேண்டும். பிரசவ வார்டில் நர்ஸாக இருந்த இத்தனை வருடத்தில், முதுகு மூடாமல் பிறந்த ஒரு குழந்தையை அம்மா கையில் வாங்கியிருக்கிறாள். அதைச் சொல்லும்போது அவள் குரல் இறங்கிவிட்டது, நானும் வாலைச் சுருட்டிக்கொண்டேன். உனக்கு அனுப்ப வாங்கிய டப்பாவை, முடி வளருமென்று நம்பி அப்பா பாதி காலி செய்துவிட்டார், தலை மட்டும் பழையபடி பளபளக்கிறது.

உன் தம்பியும் இப்போது லேசுப்பட்டவன் அல்ல. அம்மா இந்த மாத்திரை பற்றிச் சொல்லப் போன தையல் கூடத்துக்குக் கூடவே போய், அங்கே தைக்கும் அக்காக்களிடம் நானே பேசினேன். தையல் மெஷின்கள் வாயடைத்து நின்றன, கூரையே அதிர்ந்தது.

ரெண்டு பேரும் சண்டை போடாம, நேரத்துக்குச் சாப்பிட்டு, நல்லா இருங்க என்கிறாள். நாளைக்கே மாத்திரையைத் தொடங்கிவிட்டுத் தகவல் சொல்.

ஆசிகளுடன்,
அம்மா
(இடது கைக் கையெழுத்து, கோழி கிளறியதற்கு நான் பொறுப்பல்ல)

பி.கு.: அம்மா முறைப்பதால் உண்மையை எழுதுகிறேன். மெஷின்கள் நின்றது கரண்ட் போனதால். நான் பேசியது ஒரே வரி: "வயித்துல குழந்தைன்னு தெரிஞ்ச அன்னிக்கே மாத்திரையை ஆரம்பிச்சிடணும்." அம்மா சட்டையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தாள். "தம்பி, உங்கம்மா சொல்றதை நீயாவது கேக்கக் கூடாதா" என்றார் பட்டன் தைக்கும் அக்கா, கூரை அதிர்ந்தது அந்தச் சிரிப்பில்தான். அதற்குத் தண்டனையாகத்தான் அப்பாவை விட்டுவிட்டு என்னை எழுத வைத்திருக்கிறாள். உனக்கும் எனக்கும் ஒரே தப்பு, அக்கா. எனக்கு அசடு வழிந்ததோடு போயிற்று, உனக்கு அதோடு போகாது, உண்டாகும்வரை காத்திருக்காதே.