காதர் நானாவின் தாடி

ஜனவரி 28, 2025, செவ்வாய்

மாம்புரிக் கரையில் காலை 7.20க்குப் படப்பிடிப்பு தொடங்கியது. தினசரி நாடகத்தில் நான் நடிக்கும் தோணிக்காரர் காதர் நானா இன்று அறுபதாவது அத்தியாயத்தை முடித்தார்.

செய்தியாளனாக இருந்த பழக்கத்தில் எண்ணிப் பார்த்தேன். இருபத்திரண்டு வருடங்களில் இதற்கு முன் எனக்குக் கிடைத்த வேடங்கள் முப்பத்தொன்று. பத்தொன்பது பேர் செத்துப்போனார்கள். ஏழு பேர் கட்டாருக்கோ துபாய்க்கோ போனார்கள். இரண்டு பேர் மறியலில், கம்பிக்குப் பின்னால். மூன்று பேரை எழுதியவரே மறந்துவிட்டார். ஒருவனும் இருபது அத்தியாயத்தைத் தாண்டியதில்லை.

மாலையில் பேக்கரிக்குப் பாண் வாங்கப் போன இடத்தில் ஒரு பெண் வழிமறித்தார். “அந்தப் புள்ளயத் தோணியில ஏத்தாம வந்திட்டீங்களே, ஒங்களுக்கு ஈரல் இல்லையா?” நேற்றைய அத்தியாயத்தில் காதர் செய்ததற்கு நான் மன்னிப்புக் கேட்டேன். வீடு வரும்வரை சிரிப்பு அடங்கவில்லை.

பெப்ரவரி 6, வியாழன்

மகள் அஸ்காவுக்கு நாள் குறித்தாயிற்று. மாப்பிள்ளை அஸ்ஜத்துக்குக் கட்டார் கொம்பனி மார்ச் முதலாம் திகதி வரைதான் லீவு கொடுத்திருக்கிறது. பிறகு நோன்பும் வந்துவிடும். ஆகவே 23ஆம் திகதி, ஞாயிறு, நிக்காஹ்.

22, 23 இரண்டு நாளும் எனக்குப் படப்பிடிப்பு.

தினசரி நாடகத்தில் லீவு கேட்பது எப்படி முடியும் என்று எனக்குத் தெரியும். மூன்று நாளைக்கு முன்புதான் கதையே எழுதுகிறார்கள். ஆள் வரமாட்டான் என்றால் அவனைக் கொன்றுவிடுவதுதான் எழுதுபவருக்குச் சுலபம்.

பெப்ரவரி 9, ஞாயிறு

மனைவி ஸுஹைரா: “கேட்டுட்டீங்களா?”

“இல்ல.”

“மகள்ற நிக்காஹ்வுக்கு லீவு கேக்கப் பயப்படுற வாப்பாவ ஊருல காட்டுங்க பாப்பம்.”

“கேட்டா காதர் மவுத்தாயிருவான்.”

“ஆகட்டுமே. அதுக்காக நாலு மாசம் பத்து நாள் நான் இத்தா இரிக்கப் போறல்லையே.”

கணவன் இறந்த பெண் இருக்கவேண்டிய நாட்களைச் சொல்லிக்கொண்டே எனக்கு இரண்டாம் முறை சோறு வைத்தாள்.

பெப்ரவரி 12, புதன்

கேட்டுவிட்டேன். இயக்குநர் தினூஷா சிங்களத்தில், “மகள்தானே முக்கியம் நானா, போய்வாருங்கள்” என்றார். மிக மென்மையாகச் சொன்னார். ஆஸ்பத்திரியில்தான் அப்படிப் பேசுவார்கள்.

பெப்ரவரி 19, புதன்

பிரதி வந்தது. காதர் தனியே தோணியில் போகிறார். நடுக்கடலில் நெஞ்சுவலி. தோணி மட்டும் கரைக்கு வருகிறது.

இடியப்பம் விற்கும் விதவை ஸீனத்தாக நடிக்கும் தவமலர் என் தோளுக்குப் பின்னால் நின்று வாசித்தார். யாழ்ப்பாணத்திலிருந்து யுத்த காலத்தில் வந்து புத்தளத்தில் தங்கிவிட்டவர்.

“இந்த மாதம் கடல் குளம் மாதிரிக் கிடக்கு. புயல் எண்டு எழுதினா சனம் சிரிக்கும். அதுதான் நெஞ்சுவலி” என்றார். பிறகு, “கவலைப்படாதேங்கோ அண்ணை. போன நாடகத்தில என்னைப் பாம்பெல்லோ கடிச்சது” என்றார்.

அறுபதைத் தாண்டியதே அதிகம்தான். அப்படித்தான் எனக்குச் சொல்லிக்கொள்கிறேன். ஆனால் — இந்த ஆளை எனக்குப் பிடித்திருந்தது.

பெப்ரவரி 21, வெள்ளி

ஜும்ஆத் தொழுகைக்குப் பிறகு, தோணியைத் தள்ளி ஏறிப் போகும் காட்சி. நான்காவது தடவையில் சரிவந்தது. இந்தப் பகுதியை இன்றே தொலைக்காட்சி நிலையத்துக்கு அனுப்பிவிட்டார்கள்; திங்கள் மாலை ஒளிபரப்பாகும். ஏறியது இன்று. சாவது திங்கள் காலை.

பெப்ரவரி 22, சனி

வீடு நிறையப் பெண்கள். “பொண்ணுட வாப்பா சாம்பல் மூட்ட மாதிரி நிக்கேலாது” என்றாள் ஸுஹைரா. அஸ்கா தன் கைக்கு மருதாணி வைக்குமுன் என் தாடிக்கு வைத்தாள். “ஆடாம இரிங்க வாப்பா.” ஒன்றரை மணி நேரம் ஆடாமல் இருந்தேன்.

பெப்ரவரி 23, ஞாயிறு

காலை 10.45க்கு நிக்காஹ். அல்ஹம்துலில்லாஹ். நான் அழவில்லை. ஸுஹைராவைக் கேட்டால் வேறு சொல்வாள்.

பெப்ரவரி 24, திங்கள்

6.50க்கு மாம்புரி போய்ச் சேர்ந்தேன். முதலில் கண்டது தயாரிப்பு முகாமையாளர் சமிந்த. தேநீர்க் கோப்பை வாய்க்குப் போகாமல் பாதியில் நின்றது.

“நானா, தாடி.”

அப்போதுதான் எனக்கு உறைத்தது. வெள்ளிக்கிழமை தோணியில் ஏறியவனுக்கு நரைத்த தாடி. இன்று சாகவேண்டியவனுக்குச் செம்மஞ்சள் தாடி.

ஒப்பனைப் பெண் வெள்ளைப் பவுடர் போட்டுப் பார்த்தாள். அவித்த இறாலின் நிறம் வந்தது. சவர்க்காரம் போட்டார்கள். இன்னும் பளிச்சென்று ஆனது. தினூஷா மணலில் உட்கார்ந்து, சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்தார். சிரித்தபடியே எழுதுபவருக்குத் தொலைபேசி எடுத்தார். நாற்பது நிமிடப் பேச்சு.

முடிவு: நெஞ்சுவலி இல்லை. காதர் நானா கற்பிட்டிக்குப் போய் தாடிக்கு மருதாணி போட்டுக்கொண்டு திரும்பிவருகிறார். வந்ததும் நேரே ஸீனத்தின் கடைக்குப் போய், என்னைக் கட்டிக்கொள்ளச் சம்மதமா என்று கேட்கிறார்.

தவமலர் பிரதியை இரண்டு தடவை வாசித்தார். “பாம்பை விட இது பரவாயில்லை” என்றார்.

வேண்டுமென்றுதான் செய்தேனா? வீட்டுக்கு வரும் வழியில் என்னையே கேட்டேன். இல்லை. சனிக்கிழமை காதரை அடியோடு மறந்துவிட்டேன். ஒரு வேடத்தை நான் மறந்தது இதுவே முதல் தடவை.

மார்ச் 18, செவ்வாய்

நோன்புக் கஞ்சிக்குச் சாமான் வாங்க ஸுஹைராவோடு புத்தளம் சந்தைக்குப் போனேன். ஈச்சம்பழக் கடைக்காரர் கேட்டார்: “எப்ப நானா ஒங்கட கலியாணம்?”

நான் வாய் திறக்குமுன் ஸுஹைரா சொன்னாள்: “பெருநாளைக்குப் பொறகு. பொண்ணு நான்தான் பாத்தன்.”

ஈச்சம்பழம் அரைக் கிலோ கூடுதலாகக் கிடைத்தது.

மார்ச் 27, வியாழன்

ஸீனத் சம்மதித்துவிட்டார். எடுத்து முடிவதற்குள் கரையில் நின்ற மீனவர்கள் கைதட்டியதால் இன்னொரு தடவை எடுக்கவேண்டி வந்தது.

ஏப்ரல் 9, புதன்

பிற்பகல் 3.15. எழுதுபவர் எனக்குத் தொலைபேசி எடுத்தார். இதுவரை ஒரு நாளும் பேசியதில்லை. காதர் நானாவின் நிக்காஹ் காட்சியை எழுதிக்கொண்டிருக்கிறாராம். இன்னாரின் மகன் இன்னார் என்று வாசிப்பார்களாமே, காதரின் வாப்பா பெயர் என்ன என்று கேட்டார்.

முப்பத்திரண்டு பேராக நடித்திருக்கிறேன். ஒருவனுக்கும் வாப்பா இருந்ததில்லை. சாகப்போகிறவனுக்கு அதெல்லாம் தேவைப்படவில்லை.

நாளைக் காலை சொல்கிறேன் என்றேன்.

இப்போது மாலை 5.40. ஐந்து பெயர்கள் எழுதி, மூன்றை வெட்டியிருக்கிறேன்.