தம்பிக்கு மார்க்கத்தில் ஒரு விருந்து

திருவருள் துணை

புளியங்கூடல்,
வைகாசி, திங்கட்கிழமை.

அன்பு மகள் பிரியவதனிக்கு அப்பா எழுதுவது. அம்மன் காவலில் நானும் அம்மாவும் இங்கே ஒரு குறையுமின்றி இருக்கிறோம். நீரும் மருமகன் கோபிசங்கரும் அங்கே அவ்வாறே இருக்கிறீர்கள் என்பது நேற்று உமது குரலிலேயே தெரிந்தது, ஆயினும் எழுத்திலும் கேட்பதே முறை என்பதால் மறுபடி கேட்கிறேன். சோளகக் காற்றுத் தொடங்கிவிட்டது. கிணற்று நீர் உவர்க்கத் தொடங்கியதால் குடிப்பதற்குப் பவுசர் வண்டியில் வரும் தண்ணீரையே எடுக்கிறோம். அம்மாவின் முழங்கால் நோவு குறைந்திருக்கிறது. சென்ற வாரம் குறிகட்டுவானில் படகேறி நயினாதீவு அம்மனை வணங்கி, மடத்தில் அன்னதானமும் உண்டு வந்தோம். நீர் தொலைபேசியில் கேட்டதற்கு நான் உடனே பதில் சொல்லாததைத் தவறாக எண்ண வேண்டாம். இந்தக் காற்றுக்குப் பாதிச் சொல் அறுந்துபோகும், இதுவோ ஒரு சொல்லும் அறக்கூடாத விடயம். எழுதி முடித்ததும் அம்மா படம் பிடித்து வைபரில் அனுப்புவாள். எழுத்துத் தெளிவில்லாவிட்டால் அது என் கையின் குற்றமன்று, அவள் கையின் நடுக்கம்.

கனடாவிலேயே இருக்கும் என் தம்பி தயாபரன், உமது குஞ்சியப்பா, இத்தனை ஆண்டுகளுக்குப் பின் தானாகவே உம்மை அழைத்து, பிள்ளை, உங்கட வீட்டிலயும் வேண்டாம் எங்கட வீட்டிலயும் வேண்டாம், வெளியில எங்கையாவது இருந்து சாப்பிடுவம், இடத்தை நீயே சொல்லு என்று கேட்டான் என்றீர். எந்தக் கடை என்று என்னைக் கேட்டது மிகச் சரி. சென்ற கோடையில் உம்மோடு மார்க்கம் நகரில் தங்கியிருந்தபோது நான் அங்கே உண்ட இடங்கள் பல, ஒவ்வொன்றிலும் உணவை மட்டுமல்ல, உண்ணும் விதத்தையும் கவனித்தேன். ஆனால் கடையைச் சொல்வதற்கு முன், அவன் ஏன் பிணங்கினான் என்பதை நீர் சரியாக அறிய வேண்டும். பதினொரு ஆண்டுகளுக்கு முன், தாத்தா இறந்து முப்பத்தோராம் நாள் நடந்த அந்தியேட்டிக்கு உம்மால் வர இயலவில்லை, ஆளாளுக்கு ஒரு கதை சொல்லியிருப்பார்கள். நடந்தது இதுதான். அன்று சம்பந்திமாரை முதற்பந்தியில் இருத்தினோம், ஊரவரை அடுத்த பந்திகளில் இருத்தினோம். வீட்டுப் பிள்ளைகள் பரிமாறிக் கடைசிப் பந்தியில் உண்பதே நம் முறை, ஆகவே தயாபரனின் கையிலும் ஒரு சொதி வாளியைக் கொடுத்தோம். அவனை வீட்டுக்காரன் என்று மதித்ததால்தான் கொடுத்தோம். அவனோ பதினாறு ஆண்டுகள் கழித்துக் கடல் கடந்து வந்தவன், வாசலில் ஒருவராவது கையைப் பிடித்து இருத்துவார் என்று எதிர்பார்த்திருக்கிறான். கடைசிப் பந்தியில் அவன் இலைக்கு முன் இருந்தபோது பாயாசம் முடிந்துவிட்டது. இலையில் இட்ட சோற்றைத் தொடாமல் எழும்பி, இந்த வீட்டு இலையில இனி என்ர கை படாது என்று சொல்லிவிட்டுப் போனவன்தான். நாம் செய்தது முறை, அவன் பட்டது துயரம், இரண்டும் மெய்யே. அம்மாவுக்கு இந்த நடுநிலை பிடிப்பதில்லை. ஒரு பாயாசத்துக்குப் பதினொரு வருசமோ, அண்ணனும் தம்பியும் நல்லாத்தான் புராணம் படிச்சிருக்கிறியள் என்று இப்போதும் குசினிக்குள் இருந்து சத்தமிடுகிறாள்.

இப்போது இதில் தங்கியிருப்பது என்னவென்றால், ஆவணியில் நம் கோயிற் குடமுழுக்கு. அதையொட்டிய புராணபடிப்பில் முன்போல் தயாபரன் வாசிக்க நான் பொருள் விளக்கிப் பயன் சொல்ல வேண்டும் என்று கோயிலார் கேட்கிறார்கள். அவன் குரலுக்கு நிகரான குரல் இத்தீவில் இன்றும் இல்லை. வருவதாக ஒத்துக்கொண்டானாம், ஆனால் யாழ்ப்பாணத்து விடுதியில் தங்கி, வாசித்து முடித்ததும் வாகனத்தில் திரும்பிவிடுவானாம். அம்மன் சந்நிதியில் ஒரே பாயில் இருந்து தெய்வத்தின் கதையைப் படித்துவிட்டு, சாப்பாட்டு நேரத்தில் அவன் ஒரு திசையும் நான் ஒரு திசையுமாகப் போக என்னால் ஏலாது. அவன் உமது கையால் அங்கே உண்டால் இங்கே என் வீட்டிலும் உண்பான். அவன் மறுத்தது இந்த வீட்டு இலையை, கடை எவர் வீடுமன்று. அவன் வெளியில் என்று கேட்டதே தன் சொல்லையும் காத்துக்கொண்டு நம்மிடமும் வருவதற்குத்தான் என்று நான் உறுதியாகச் சொல்வேன்.

ஆகவே கோபிசங்கர் விரும்பும் அந்தப் பெருந்தெரு ஓரத்துப் பெரிய உணவகம் வேண்டாம். விளக்குகள் அழகுதான், உணவிலும் குறை சொல்ல மாட்டேன், ஆனால் அங்கே தட்டை ஏந்தி வரிசையில் நிற்க வேண்டும். வரிசை என்றால் ஒருவன் முன்னே, ஒருவன் பின்னே. தயாபரன் போய்ச் சேரும்போது பாத்திரம் வெறுமையாக இருந்தால் பதினொரு ஆண்டும் மறுபடி தொடங்கும். இந்தியர் நடத்தும் தோசைக் கடை சுத்த சைவம், சட்னியும் நன்று, எனினும் அங்கே ஒவ்வொருவருக்கும் சுடச்சுட ஒவ்வொன்றாகவே வரும். அன்று அம்மாவின் தோசை வந்தபோது நான் உண்டு முடித்துக் கை கழுவிவிட்டு இருந்தேன், நினைவிருக்கும். கொத்துரொட்டிக் கடையில் அந்த இரும்புச் சத்தத்துக்குள் ஒருவர் மன்னிப்புக் கேட்டாலும் மற்றவருக்குக் கேளாது, சைவத்துக்கும் மீன் இறைச்சி மச்சத்துக்கும் அங்கே கொத்துவது ஒரே இரும்புத் தட்டத்தில் வேறு.

நீங்கள் போக வேண்டியது நிமலினியின் கடைக்கு. சலவைக் கடைக்குப் பக்கத்தில், நாலைந்து மேசையோடு இருக்கிறதே, அதுதான். மாமா, அது பார்சல் எடுக்கிற கடை, ஆக்களைக் கூட்டிக்கொண்டு போற இடமில்லை என்று கோபிசங்கர் சொல்வார், சொல்லட்டும். நிமலினி ஊர்காவற்றுறை அல்போன்சம்மாவின் மகள், கிறிஸ்தவ வேதக்காரப் பிள்ளை, வெள்ளிக்கிழமையில் தன் கடையில் மச்சமே சமைப்பதில்லை. நான் ஐயுற்றுக் கேட்டபோது என்னைக் குசினிக்குள் கூட்டிச் சென்று, வெள்ளிக்கிழமைச் சட்டியை நான் மச்சத்துக்கு எடுக்கிறேல்லை ஐயா, வேணுமெண்டால் மணந்து பாருங்கோ என்றாள். மணந்தும் பார்த்தேன். அவளும் சிரித்தாள், நானும் சிரித்தேன், அதன் பின் நிறைவாக உண்டேன். அவள் கத்தரிக்காய்ப் பால்கறிக்கு ஈடாக அந்நகரில் வேறொன்றை நான் காணவில்லை. அதைவிட மேலானது அவள் வைக்கும் விதம். சோறு, கறி, வறை, அப்பளம் எல்லாவற்றையும் கிண்ணங்களில் ஒரே நேரத்தில் வட்ட மேசையின் நடுவில் வைத்துவிட்டுப் போய்விடுவாள். நயினாதீவு மடத்தில் இருந்தது போலவே எனக்கு இருந்தது, முதற்பந்தியும் இல்லை கடைசிப் பந்தியும் இல்லை.

வெள்ளிக்கிழமை மதியமே போங்கள். கோபிசங்கர் முற்கூட்டியே அவளோடு கதைத்து எல்லாம் ஒழுங்கு செய்யட்டும், மேசையில் வைத்து நான் நீ என்ற இழுபறி வேண்டாம். குஞ்சியப்பாவை வாசலில் நின்று கூப்பிடும், கையைப் பிடித்து இருத்தும், கிண்ணங்கள் வந்ததும் வேறெவரும் தொடுமுன் அகப்பையை எடுத்து அவனுக்கு நீர் பரிமாறும். பழைய கதையை நீர் எடுக்க வேண்டாம், அவன் எடுத்தால் குறுக்கிடாமல் கேளும். பதில் சொல்ல வேண்டியவன் நான், ஆவணியில் நேரே சொல்வேன். அவன் குரலெடுத்து வாசிப்பதைக் கேட்க ஊர் காத்திருக்கிறது என்று மட்டும் சொல்லும், அது முகமன் அல்ல.

உங்கள் மதியம் எங்கள் இராச் சாப்பாட்டு நேரம். அவன் உண்டு எழும்பிக் கை கழுவப் போகும்போது எனக்கு ஒரு சொல் அனுப்பும். விருந்தினன் உண்ட பின்பே வீட்டுக்காரன் உண்ண வேண்டும் என்று கோயிலில் எத்தனையோ முறை பயன் சொல்லியிருக்கிறேன். நிமலினியின் கடையில் இருந்தாலும் அந்த விருந்தின் வீட்டுக்காரன் நான்தான். அதுவரை என் சாப்பாட்டுக் கோப்பை கவிழ்ந்தே இருக்கும். அம்மாவை நேரத்தோடு உண்ணச் சொன்னேன், உங்களுக்கு மட்டுமோ தம்பி, எனக்கு மச்சான் இல்லையோ என்று தானும் காத்திருக்கப் போகிறாளாம். அன்று அவன் இருந்த கடைசிப் பந்தியில் இம்முறை நாங்கள் இருவரும் இருப்போம்.

அம்மன் அருளால் நீங்கள் இருவரும் நோயற்று, நிறைந்து, நெடுங்காலம் வாழ எங்கள் ஆசி. மறவாமல் நாளைக்கே நிமலினியிடம் பாயாசத்துக்குச் சொல்லிவிடும், வேண்டியதைவிட இரு மடங்கு செய்யச் சொல்லும்.

இங்ஙனம்,
உமது நலம் வேண்டும் அப்பா,
மு. சிவக்கொழுந்து