ஒரு வெள்ளி தொண்ணூறு காசு

அக்கா,

உன் மழைச்சட்டை இன்னும் கதவுக்குப் பின்னால்தான் தொங்குகிறது. இன்று அதன் பைக்குள் கையை விட்டேன். தேயிலைத் தூள் வாசனையோடு, நான்காக மடித்த ஒரு கடிதம் வந்தது. அம்மா தூங்கிவிட்டாள். போர்வைக்குள் போன் வெளிச்சத்தில் எழுதுகிறேன்.

முதலில் என் தப்பைச் சொல்லிவிடுகிறேன். உன் பதினாறாம் நாள் காரியம் முடிந்தபின் போன ஞாயிறுதான் மாமா முதல் தடவை வந்தார். அவருக்காக நீ வாங்கிய பங்குகளின் விலையைப் பார்க்கத் தெரியுமா என்று கேட்டார். பீற்றிக்கொள்ளும் ஆசையில், போனில் விலை வரைபடத்தைத் திறந்து, நீ வாங்கிய நாளையே தொட்டுக் காட்டினேன். 'ரிங்கிட் 1.90' என்றிருந்தது: ஒரு பங்கு, ஒரு வெள்ளி தொண்ணூறு காசு.

"என்ன பாப்பா இது? ஒரு பங்கு ஆறு வெள்ளின்னு சொல்லித்தானே உங்கக்கா என்கிட்ட ஆறாயிரம் வாங்குச்சு? ஆயிரம் பங்கு, ஒன்னு தொண்ணூறு. மிச்சம் எங்க போச்சு?"

"அவ அப்படிப்பட்டவ இல்ல, தம்பி" என்றாள் அம்மா.

"போன் பொய் சொல்லுமாக்கா?"

நாளைக் காலை மாமா வரும்போது கொடுக்க, அந்த மிச்சத்துக்கு ஈடாக, அம்மா உன் சங்கிலியைக் கைக்குட்டையில் முடிந்து வைத்திருக்கிறாள். அக்கா, இரண்டு நாள் நானும் உன்னைச் சந்தேகப்பட்டேன்.

கடிதம் கம்பெனியிலிருந்து வந்தது. ஒவ்வொரு பங்கையும் மூன்றாகப் பிரித்துவிட்டார்களாம். படித்ததும், திரிங்காப் டவுன் சாப்பாட்டுக் கடையில் மாமாவோடு உட்கார்ந்திருந்த நாள் நினைவுக்கு வந்தது. "மாமா, உங்க ஆயிரம் இப்ப மூவாயிரம்" என்று நீ சொன்னாய். அவர் தட்டிலிருந்த ரொட்டி சானாயைக் காட்டி, "மூணாப் பிச்சாலும் அதே ரொட்டிதான் லா" என்றார். "அதேதான் மாமா" என்று நீ சிரித்தாய். அவர் அதோடு மறந்துவிட்டார்.

வரைபடத்துக்கு அடியில் பொடி எழுத்தில் 'திருத்திய விலை' என்று இருக்கிறது. அன்று என் கண்ணில் படவில்லை. பிரித்த நாளில் விலை பாதாளத்தில் விழுந்த மாதிரி தெரியக் கூடாதென்று, அதற்கு முந்தைய விலைகளையும் மூன்றால் வகுத்துப் போடுகிறார்கள். ஆறு இரண்டானது அப்படித்தான். ஆனால் மீதிப் பத்து காசு? பத்து காசானாலும் எடுத்தது எடுத்ததுதானே.

கடிதத்தைத் திருப்பினேன். உன் பென்சில் எழுத்து: "டிவிடெண்ட், பங்குக்குப் பத்து காசு. மூவாயிரத்துக்கு முந்நூறு வெள்ளி. மாமாவிடம் கொடுத்தாச்சு." கம்பெனி கையில் கொடுத்துவிட்ட லாபத்தையும் வரைபடத்தின் பழைய விலையிலிருந்து கழித்துவிடுகிறார்கள். அவ்வளவுதான், அக்கா. நீ ஒரு காசு எடுக்கவில்லை.

பென்சிலில் யார் வேண்டுமானாலும் எழுதலாம் என்பார் மாமா. கத்துவார். அவர் கத்தினால் நான் கதவோரம் ஒதுங்கிவிடுவேன். அப்போதெல்லாம் நீ வந்து எனக்கு முன்னால் நிற்பாய்.

அந்த முந்நூறு எனக்கு நினைவிருக்கிறது. மறு வாரமே மாமா தன் மோட்டார் சைக்கிளுக்கு இரண்டு புது டயர் போட்டுக்கொண்டு வந்தார். "உங்கக்கா சம்பாதிச்சுக் குடுத்தது, தட்டிப் பாரு" என்றார். நானும் தட்டிப் பார்த்தேன்.

நாளை அந்த மோட்டாரில்தான் வருவார். நம் லயத்து வீட்டு வரிசைக்கு ஏறும் மேட்டில் சத்தம் கேட்டதும் அம்மாவுக்கு முந்தி நான் வாசலுக்குப் போய்விட வேண்டும். கடிதத்தை என் பள்ளிச் சட்டைப் பையில் வைத்துவிட்டேன். ஒரே ஒரு கேள்வியைத்தான் சத்தமில்லாமல் சொல்லிச் சொல்லிப் பார்க்கிறேன்:

"மாமா, இந்த டயர் யார் காசு?"